பெரோயாவிலிருந்து பல்லாரட் வரை: பூச்சியைப் பார்த்தவர்களின் கதை



அப்போஸ்தலர் நடபடிகள் 17-ஆம் அதிகாரத்தை ஓய்வுநாள் பள்ளியில் பலமுறை வாசித்திருப்பீர்கள். தெசலோனிக்கேயில் கலகம் எழும்பியபோது, சகோதரர்கள் பவுலையும் சீலாவையும் இரவோடு இரவாகப் பெரோயா பட்டணத்துக்கு அனுப்பி வைத்தார்கள். இன்றைய கிரேக்க நாட்டின் வடபகுதியில் உள்ள இந்த இரண்டு பட்டணங்களுக்கும் இடையே ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தூரம். பெரோயாவில் இருந்தவர்களைப் பற்றி லூக்கா ஒரு நல்ல சாட்சி எழுதியிருக்கிறார். அவர்கள் கேட்டதை மனோவாஞ்சையாய் ஏற்றுக்கொண்டார்கள். அதே சமயம், காரியங்கள் இப்படித்தானா என்று தினமும் ஆராய்ந்தும் பார்த்தார்கள்.

அந்தப் பெரோயாவைப் பற்றி, வேதத்துக்கு வெளியே இன்னொரு சுவையான குறிப்பும் உண்டு. பவுல் அங்கே போய் ஏறக்குறைய 150 ஆண்டுகள் கழித்து, ரோமில் வாழ்ந்த ஏலியன் என்ற எழுத்தாளர், மிருகங்களின் இயல்புகளைப் பற்றிக் கிரேக்க மொழியில் ஒரு பெரிய நூல் எழுதினார். பெரோயாவுக்கும் தெசலோனிக்கேக்கும் நடுவே ஓடும் அஸ்திரேயஸ் என்ற ஆற்றில் மக்கெதோனியர் மீன் பிடிக்கும் விதத்தை, தான் கேள்விப்பட்டபடி அதில் விவரிக்கிறார். பூச்சியைப் போலவே இறகாலும் கம்பளியாலும் ஒன்றைக் கட்டி, அதைக் காட்டி மீன் பிடிப்பதைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தெளிவான விவரம் இதுதான்.

மக்கெதோனியர் கண்டது என்ன?

அந்த ஆற்றில் உடலெல்லாம் புள்ளியுள்ள மீன்கள் உண்டு. ஆற்றின்மேல் பறக்கும் ஒரு வகை ஈயை அவை விரும்பித் தின்னும். அந்த ஊரார் அந்த ஈயை ஹிப்பூரஸ் என்று அழைத்தார்கள். ஈ தண்ணீரின்மேல் வந்ததும் மீன் அதைக் கீழிருந்து பார்க்கும். தண்ணீர் கலங்கினால் ஈ பறந்துவிடும் என்பதால் சத்தமில்லாமல் மேலே ஏறி, வாயைத் திறந்து, அதை விழுங்கிக்கொண்டு மறுபடி ஆழத்துக்குப் போய்விடும்.

அப்படியானால் அந்த ஈயையே பிடித்துத் தூண்டில் முள்ளில் குத்தினால் போதுமே என்று தோன்றும். ஆனால் மனிதன் கை பட்டவுடன் அதன் நிறம் மங்கிவிடும், இறக்கைகள் வதங்கிவிடும். பிறகு மீன் அதைச் சீண்டாது. ஆகவே அவர்கள் தூண்டில் முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றினார்கள். சேவலின் தாடிக்குக் கீழே முளைக்கும் மெழுகு நிற இறகுகள் இரண்டை அதன்மேல் பொருத்தினார்கள். ஆறடிக் கோலும் ஆறடி நரம்பும்தான் அவர்களுடைய கருவி.

இந்த மீனவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. ஆனாலும் அவர்கள் எவ்வளவு கவனித்திருக்கிறார்கள் பாருங்கள்! மீன் எதைத் தின்கிறது, எப்படி மேலே வருகிறது, உயிருள்ள ஈ கையில் பட்டால் என்ன ஆகிறது, சேவலின் உடலில் எந்த இடத்து இறகு அந்த நிறத்துக்குப் பொருந்தும் என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

ஒரு நாள் பூச்சி

கதையைத் தொடருமுன் ஆற்றுப் பூச்சிகளை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். ட்ரவுட் மீன் வாழும் குளிர்ந்த ஆறுகளில் முக்கியமாக மூன்று குடும்பங்கள் உண்டு: மேஃப்ளை, காடிஸ், ஸ்டோன்ஃப்ளை. இவை மூன்றும் இளம்பருவத்தைத் தண்ணீருக்கு அடியில், கல்லின் கீழும் மணலிலும் கழிக்கின்றன. காடிஸ் புழு தன் வாயிலிருந்து வரும் பட்டு இழையால் மணலையும் குச்சியையும் ஒட்டி, தனக்கென்று ஒரு சிறு கூடு கட்டி, அதைச் சுமந்துகொண்டே திரியும்.

மேஃப்ளை என்றவுடன் மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் நம் ஊர் ஈசலைச் சிலர் நினைப்பீர்கள். ஈசல் கரையான் இனம், மேஃப்ளை வேறு. ஆனால் அற்ப ஆயுசுக்கு இரண்டுமே பேர்போனவை. மேஃப்ளை பல மாதங்கள், சில இனங்களில் இரண்டு ஆண்டுகள்கூட, தண்ணீருக்கடியில் வளரும். பிறகு ஒரு நாள் மேலே வந்து, தோலை உரித்து, இறக்கை விரித்துப் பறக்கும். இறக்கை வந்த பிறகும் இன்னொரு முறை தோல் உரிக்கும் பூச்சி இது ஒன்றுதான். முழுதாக வளர்ந்த மேஃப்ளையால் எதையும் உண்ண முடியாது. இணை சேர்ந்து, முட்டையிட்டு, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ மடிந்துவிடும். விஞ்ஞானிகள் இதன் வகுப்புக்கு எஃபெமரோப்டெரா என்று பெயரிட்டார்கள். எஃபெமரோஸ் என்றால் கிரேக்கத்தில் ஒரு நாளைக்குரியது. யாக்கோபு தன் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில், அநுதின ஆகாரமில்லாத சகோதரனைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்தும் சொல்லும் அதுவே.

பூச்சி இப்படிப் பருவத்துக்குப் பருவம் உருமாறுவதால், அதைப் போலச் செய்ய விரும்புகிறவன் எந்த மாதத்தில், எந்த வேளையில், எந்தப் பருவத்துப் பூச்சி ஆற்றில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு ஈக்களின் பட்டியல்

1496-இல் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் விங்கின் டி வோர்ட் என்ற அச்சுக்காரர், தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றிய ஒரு சிறு நூலை வேறொரு பெரிய புத்தகத்தோடு சேர்த்து வெளியிட்டார். செயின்ட் ஆல்பன்ஸ் அருகே சோப்வெல் என்ற கன்னியர் மடத்தின் தலைவி ஜூலியானா பெர்னர்ஸ் அதை எழுதினார் என்பது பழைய நம்பிக்கை. இன்றைய ஆய்வாளர்கள் பலர் அதைச் சந்தேகிக்கிறார்கள். எழுதியவர் யாராக இருந்தாலும் அனுபவசாலி. எந்த மாதத்துக்கு எந்த ஈ, எந்த நிறக் கம்பளி, எந்தப் பறவையின் இறகு என்று 12 ஈக்களின் பட்டியல் தந்திருக்கிறார். பெரிய மீன் ஒன்று கிடைத்தால் அதன் இரைப்பையைத் திறந்து பார், உள்ளே இருப்பதையே இரையாக வை என்றும் சொல்கிறார். தேவைக்கு மேல் மீன் பிடிக்காதே, பிறருடைய வேலியை உடைக்காதே, திறந்த வாசலை மூடிவிட்டுப் போ, தனிமையில் இருக்கும்போது ஜெபிக்க மறவாதே என்பவையும் அதே நூலில் உள்ள அறிவுரைகள்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1653-இல், ஐசக் வால்டன் தம் புகழ்பெற்ற தூண்டில் நூலை வெளியிட்டார். அது உள்நாட்டுப் போர் முடிந்த காலம். மன்னர் கொல்லப்பட்டு, ஆங்கிலத் திருச்சபையின் ஜெபப் புத்தகம் தடை செய்யப்பட்டிருந்தது. ஜான் டன், ஜார்ஜ் ஹெர்பர்ட் போன்ற போதகர்களின் வாழ்க்கை வரலாறுகளையும் எழுதிய வால்டன், திருச்சபையை மிகவும் நேசித்தவர். தம் நூலின் கடைசியில் அவர் வாசகரை அனுப்பி வைப்பது 1 தெசலோனிக்கேயர் 4:11-க்கு. அமைதலுள்ளவர்களாய் இருக்க நாடும்படி பவுல் புத்தி சொல்லும் வசனம் அது. பெரோயா ஆற்றின் மறு கோடியில் இருந்த சபைக்கு எழுதிய நிருபம் இப்படித் தூண்டில் நூலுக்குள் வந்து சேர்ந்தது.

ஆனால் ஒரு விஷயம். வால்டன் முக்கியமாகப் புழுவும் சிறு மீனும் வைத்துப் பிடிக்கிறவர். செயற்கை ஈயைப் பற்றி அவர் தந்த 12 ஈக்களின் பட்டியல், பெரும்பாலும் 1496-ஆம் ஆண்டுப் பட்டியலே! இடையில் வந்த நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டே வந்தன. அந்த வழக்கத்தை மாற்றியவர் வால்டனின் இளைய நண்பர் சார்ல்ஸ் காட்டன். அவர் டவ் என்ற ஆற்றின் கரையில் வாழ்ந்தவர். 1674-இல் தம் வீட்டுக்கு அருகே ஆற்றோரத்தில் ஒரு சிறு மீன்பிடி வீடு கட்டி, தம் பெயரின் முதல் எழுத்துகளையும் வால்டனுடையதையும் பின்னிச் செதுக்கி வைத்தார். அந்த வீடு இன்றும் இருக்கிறது. 1676-இல் வால்டனின் நூலோடு காட்டன் சேர்த்த இரண்டாம் பாகத்தில் 12-க்குப் பதிலாக 65 ஈக்கள் வந்தன. தம் வீட்டு ஆற்றில் மாதந்தோறும் கண்டதை அவர் எழுதினார்.

ஆற்றோரத்தில் ஒரு குடிசை

இந்த வரலாற்றில் நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவர் ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ். அவர் 1802-இல் லண்டனில் பிறந்தவர். மின்தந்தியை ஆரம்ப காலத்திலேயே செய்து காட்டிய பிரான்சிஸ் ரொனால்ட்ஸ் அவருடைய அண்ணன். ஆல்ஃபிரட், ஸ்டாஃபர்ட்ஷயரில் ப்ளைத் என்ற சிற்றாற்றின் கரையில் ஒரு குடிசை கட்டினார். மீனுக்குத் தெரியாமல் மீனைப் பார்ப்பதற்கென்றே கட்டிய குடிசை அது.

அங்கே உட்கார்ந்து அவர் பல காரியங்களைச் சோதித்தார். மீனுக்குக் கரையில் எழும் சத்தம் கேட்குமா? நண்பர் ஒருவரை மறைவில் நின்று துப்பாக்கியால் சுடச் சொன்னார். மீன்கள் அசையவில்லை. காற்றில் எழும் சத்தம் தண்ணீருக்குள் அதிகம் இறங்குவதில்லை என்பதே காரணம். மீனுக்கு ருசி தெரியுமா? செத்த வீட்டு ஈக்களைத் தகரக் குழாய் வழியாக ஊதித் தண்ணீரில் விழச் செய்தார். பிறகு அவற்றில் மிளகாய்ப் பொடியும் கடுகும் தடவி ஊதினார். மீன் அவற்றையும் விழுங்கியது! கரையில் நிற்கும் மனிதன் மீனின் கண்ணுக்கு எப்படித் தெரிவான் என்பதை, ஒளி தண்ணீரில் வளைவதை வைத்துப் படம் வரைந்தும் விளக்கினார்.

1836-இல் அவருடைய நூல் வெளிவந்தது. 47 வகைப் பூச்சிகளை மாதவாரியாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் உண்மைப் பூச்சியின் படத்தையும், அதைப் போலக் கட்டிய ஈயின் படத்தையும் அருகருகே வைத்தார். தகடுகளை அவரே செதுக்கினார். அச்சான படங்களுக்குக் கையாலேயே வண்ணம் பூசப்பட்டது. அறிவியல் பெயர்களையும் சேர்த்தார். அதுவரை ஓர் ஊரில் ஒரு பெயராலும் அடுத்த ஊரில் வேறு பெயராலும் அழைக்கப்பட்ட பூச்சி, இனி எல்லாருக்கும் அடையாளம் தெரியும் பூச்சியானது. நூல் பல பதிப்புகள் கண்டது. அது காட்டிய வழியைப் பின்பற்றியே ஈ கட்டுகிறவர்கள் இன்றும் முதலில் பூச்சியைப் பார்க்கிறார்கள்.

இந்த ரொனால்ட்ஸ் 1848-இல் தம் பிள்ளைகளோடு கப்பலேறி வந்த இடம் எது தெரியுமா? நாம் வாழும் இதே விக்டோரியா! முதலில் ஜீலாங், பிறகு மெல்பர்ன், கடைசியில் பல்லாரட். செதுக்கு வேலை செய்து பிழைத்து, 1860-இல் பல்லாரட்டிலேயே காலமானார். அவர் அவ்வளவு நேசித்துக் கவனித்த ட்ரவுட் மீன் அப்போது இந்த நாட்டு ஆறுகளில் கிடையாது.

பழைய ஊரின் ஈ, புதிய ஊரின் ஆறு

ரொனால்ட்ஸுக்குப் பின் இங்கிலாந்தின் தென்பகுதியில் ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்ட் என்பவர் இந்தக் கலையை இன்னும் நுட்பமாக்கினார். தண்ணீரின்மேல் மிதக்கும் ஈக்களைப் பற்றி 1886-இல் நூல் எழுதினார். நாளடைவில் அவருடைய சீடர்கள் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். மேலே மிதக்கும் ஈயால் பிடிப்பதே முறை, மற்றதெல்லாம் தகாத வழி என்றார்கள். ஜி. இ. எம். ஸ்க்யூஸ் என்ற வழக்கறிஞர் இதை ஏற்கவில்லை. தாம் பிடித்த மீனின் இரைப்பையில் இருந்ததை ஒரு சிறு கரண்டியால் எடுத்து, வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டுக் கலந்து பார்த்தார். அதில் பெரும்பாலும் இருந்தவை இறக்கை முளைக்காத, தண்ணீருக்கடியில் வாழும் பூச்சிகள். அவற்றைப் போலக் கட்டத் தொடங்கி, 1910-இல் அதைப் பற்றி எழுதினார். எதிர்ப்பு பல ஆண்டுகள் நீடித்தது. 1938-இல் லண்டனில் இதற்கென்றே ஒரு விவாதக் கூட்டம் நடந்தது. ஆனாலும் இன்று உலகெங்கும் அவர் காட்டிய முறை பயன்படுகிறது.

அதே காலத்தில் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில், தியடோர் கார்டன் என்பவர் இருந்தார். 1890-இல் அவர் ஹால்ஃபோர்டுக்குக் கடிதம் எழுத, ஹால்ஃபோர்ட் தம் ஈக்களின் மாதிரிகளைத் தபாலில் அனுப்பி வைத்தார். கார்டன் அவற்றை மிகவும் மதித்தார். ஆனால் இங்கிலாந்து ஆற்றின் பூச்சி வேறு, தம் வீட்டு ஆற்றில் பறக்கும் பூச்சி வேறு என்று கண்டுகொண்டார். கட்டும் முறையை ஹால்ஃபோர்டிடமிருந்து எடுத்துக்கொண்டு, நிறத்தையும் அளவையும் தம் ஆற்றைப் பார்த்து அமைத்தார். அப்படி அவர் கட்டிய ஓர் ஈ இன்றும் அவருடைய பெயரோடு வழங்குகிறது.

தம்பி தங்கைகளே, பெற்றோர் பிறந்த ஊரிலிருந்து வந்ததை வைத்துக்கொண்டு இன்னொரு மண்ணில் வளரும் உங்களுக்கு, கார்டனின் நிலைமை நன்றாகவே புரியும் என்று நினைக்கிறேன். வந்ததை அவர் தூக்கி எறியவில்லை. அதை அப்படியே இங்கும் பொருந்தும் என்று சாதிக்கவும் இல்லை.

பார்க்காமல் செய்தது

இதற்கு நேர்மாறான ஒன்றும் நம் நாட்டில் நடந்தது. இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள், தங்கள் ஊர் மீன் இங்கும் வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். 1864-இல் நார்ஃபக் என்ற கப்பலில், பாசியில் பொதிந்து பனிக்கட்டிக்குள் வைத்து, மீன் முட்டைகளைக் கொண்டு வந்தார்கள். தாஸ்மேனியாவின் ப்ளெண்டி ஆற்றங்கரையில் அவை பொரித்தன. அந்த ட்ரவுட் குஞ்சுகளின் வழியாகவே ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ட்ரவுட் பரவியது. நம் நீலகிரியிலும் இதே ஆசை இருந்தது. 1860-களில் தொடங்கிய முயற்சி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அவலாஞ்சிப் பகுதியில் கைகூடியது.

அந்தப் பயணம் சாதனைதான். ஆனால் இங்குள்ள ஓடைகளில் ஏற்கனவே என்ன வாழ்கிறது என்று கொண்டு வந்தவர்கள் பார்க்கவில்லை. விக்டோரியாவின் மலை ஓடைகளில் கலாக்ஸியாஸ் என்ற செதிலில்லாத சிறு மீன்கள் உண்டு. ட்ரவுட் அவற்றைத் தின்றுவிடும். இன்று அவற்றில் சில இனங்கள், ட்ரவுட் ஏற முடியாத அருவிகளுக்கு மேலே உள்ள சில ஓடைகளில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. ட்ரவுட் பிடிக்கிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

இன்று யார் பார்க்கிறார்கள்?

இப்போது பூச்சிகளே குறைந்து வருகின்றன. ஜெர்மனியில் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் 27 ஆண்டுகள் சேகரித்த கணக்கு 2017-இல் வெளியானது. பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 75 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. தண்ணீரில் சாக்கடையோ பூச்சிமருந்தோ கலந்தால் முதலில் மறைபவை மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, காடிஸ் ஆகிய மூன்றும்தான். அதனால் ஓர் ஆறு சுத்தமானதா என்று அறிய, உலகெங்கும் இந்த மூன்றையும் எண்ணிப் பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் தூண்டில்காரர்களே மாதந்தோறும் ஆற்றில் இறங்கிப் பூச்சிகளை எண்ணி, எண்ணிக்கை குறைந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கிறார்கள். நம் மாநிலத்திலும் வாட்டர்வாட்ச் என்ற திட்டத்தில் பொதுமக்கள் இப்படிச் செய்கிறார்கள்.

இதைத் தொடங்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அடுத்த முறை அப்பா அம்மாவோடு ஓர் ஓடைக்குப் போகும்போது, காலி ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். வெள்ளையாக இருந்தால் நல்லது. ஆழமில்லாத இடத்தில், பெரியவர் ஒருவர் உடன் இருக்க, ஒரு கல்லை மெதுவாகத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மூன்று வால் இழைகளோடு தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் மேஃப்ளை. வால் இழை இரண்டே என்றால் ஸ்டோன்ஃப்ளையாக இருக்கலாம். நகரும் மணல் குழாய் காடிஸ். டப்பாவில் சிறிது தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டு, பூச்சியை ஆற்றிலும் கல்லை அதே இடத்திலும் வைத்துவிடுங்கள். பாலத்தின் கீழும் தெரு விளக்கிலும் உள்ள சிலந்தி வலைகளையும் பாருங்கள். அன்றைக்கு என்ன பறந்தது என்று அவை சொல்லும். அனுபவமுள்ள தூண்டில்காரர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். தேதி, இடம், கண்டது ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஈ கட்டிப் பழக விரும்புகிறவர்களுக்குத் தூண்டில் முள், தையல் நூல், அம்மாவின் கம்பளி மிச்சம், கோழி இறகு போதும். மக்கெதோனியரிடம் அதற்கு மேல் ஒன்றும் இருக்கவில்லை. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நம் மாநிலத்தில் மீன்பிடி உரிமம் தேவையில்லை. ஆனால் பருவம், அளவு பற்றிய விதிகள் எல்லாருக்கும் உண்டு.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஐரோப்பிய நூல்களில் மே மாதத்துப் பூச்சி என்று படித்தால், இங்கே அது குளிர்காலத்தின் வாசல். மாதக் கணக்கு நமக்குத் தலைகீழ். விக்டோரியாவின் ஓடைகளில் எந்த வாரத்தில் எந்தப் பூச்சி எழும்புகிறது என்பதை, அந்தந்த ஓடைக்கு அருகில் வாழ்கிறவர்கள் பார்த்து எழுதினால்தான் தெரியவரும். நம் சபைக் குடும்பங்களில் பல, ஏதாவது ஓர் ஓடைக்கு நடந்து போகும் தூரத்தில்தான் வசிக்கின்றன. டிசம்பர் விடுமுறைக்குள் உங்கள் நோட்டில் எத்தனை பக்கம் நிரம்பியிருக்கும்?